புறா விரட்டக் கட்டிய சிடி

அக்கா வீட்டுப் பால்கனியில் சுழல்கிறது, வெயில் பட்டு எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சப்பொட்டு ஓடுகிறது, புறாக்கள் மிரண்டு எழும்புகின்றன, கம்பியில் உரசி உரசித் திரும்புகிறது ஒரு சிடி, அதன் மேல் மார்க்கர் பேனாவில் செந்தாமரை என்று தன் பேரும் நாலு பாட்டு என்றும் அக்காவின் கையெழுத்து, பாதி அழிந்து, அக்கா போய் இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இது என்ன மாமா என்று கேட்டேன், அதுவா, அலமாரிய ஒழிக்கிறப்போ கெடந்துச்சு, ஏதோ பழைய சிடி, போன வாரந்தான் கட்டுனேன், புறாத் தொல்லை தாங்கல என்றார் தனசேகர் மாமா, அக்காவின் புருஷன், கத்தி தேடக்கூடப் பொறுமையில்லை, பல்லால் கடித்தே நூலை அறுத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம், திருச்சியில் ஒரு ஸ்டூடியோ, நானும் கூடப் போகிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா, மூன்றாவது பாட்டில் ஒரு சொல்லை விட மனமில்லாமல் இழுத்து, மூச்சு முட்டி, சிரித்துவிடுகிறாள், சிரிப்பை எடுத்துடவாம்மா என்கிறார் பதிவு செய்பவர், இருக்கட்டும்ணே என்கிறாள், ஒரே ஒரு சிடிதான் போட்டுத் தந்தார், அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை, நம்ம வீட்ல அதெல்லாம் பழக்கமில்ல என்று மாமா ஒரு தடவை சொன்னாராம், ஒரு தடவைதான், அதுவே போதுமாயிருந்தது, துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவளுக்குப் பாட்டுல பெருசா இஷ்டமில்லீங்க என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார், நான் காபி டம்ளரோடு நின்றேன், எறியவில்லை, எறிந்திருக்க வேண்டும்.

என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை, ரிச்சி தெருவுக்குப் போனேன், இப்ப யாரு மேடம் சிடி டிரைவ் கேக்குறா என்றபடி கடைக்காரர் மெல்லிசாக ஒன்றை எடுத்தார், அங்கேயே போட்டுக் காட்டினார், நாலு பாட்டும் மடமடவென்று கம்ப்யூட்டரில் ஏறின, மூன்றாவதைக் கேட்டேன், அந்தச் சொல்லை இழுக்கும் இடத்தில் வழவழவென்று ஏதோ ஒட்டுப் போட்டிருந்தது, சிரிப்பு நசுங்கிச் செருமலாகியிருந்தது, கீறல் விழுந்த எடத்த அதுவா நிரப்பிக்கும் மேடம், காதுக்குத் தெரியாது என்றார், எனக்குத் தெரியுது, படிக்க முடியலன்னா முடியலன்னு சொல்லணும், எதுக்கு இட்டுக்கட்டுது என்று கத்திவிட்டேன், அவர் என்ன செய்வார் பாவம், உள்ளே போய்ப் பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய கனமான டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார், இது ரொம்ப மெதுவாப் போகும், கீறல்ல நின்னு நின்னு திரும்பப் படிக்கும், முடியலன்னா எரர்னு காட்டிடும், பரவால்லயா, அதையே குடுங்க என்றேன்.

வீட்டில் மத்தியானம் முழுக்கக் கரகரத்துக்கொண்டிருந்தது, ஒரே இடத்தில் முட்டி முட்டித் திரும்பியது, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன், கடைசியில் ஓரிடத்தில் முடியவில்லை என்றது, அங்கே சின்னதாக ஒரு வெட்டு, இருக்கட்டும், அதை அடுத்து அவள் சிரிக்கிறாள், தெளிவாக.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார், அக்கா போட்டோவைப் பெரிதாக்கி மாட்ட வேண்டுமாம், பழைய ஆல்பம் கேட்டார், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தவில்லை, அழுவார், அழட்டும், அழுதால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடலாம் என்று எதிரில் உட்கார்ந்திருந்தேன், மாமா காபியை ஆற்றிக் குடித்தார், தாளத்துக்கு லேசாகத் தலையைக்கூட ஆட்டினார், நல்லாப் பாடுதே, யாரு இந்தப் பொண்ணு என்றார்.

எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினேன்.