குளத்துக்காரிகளின் அவசரம்

தடிமனான கண்ணாடி போட்டிருந்ததால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவள் வளர்த்தது தண்ணீர்த்தெள்ளுகளை. கடுகளவு உடம்பு, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் தோல், ஒற்றைக் கண். ஆண் துணையே இல்லாமல் பெற்றுத்தள்ளும். மகள்கள் எல்லோரும் அம்மாவின் அச்சு அசல்.

அவளிடம் இரண்டு வம்சங்கள் இருந்தன. மீன்கள் மேயும் குளத்திலிருந்து எடுத்த ஒருத்தியின் வாரிசுகள் குளத்துக்காரிகள். மீனே இல்லாத பாறைக்குழியிலிருந்து எடுத்த ஒருத்தியின் வாரிசுகள் பாறைக்காரிகள். மீன் வாடை பட்டால் குளத்துக்காரிகள், தின்னப்படுவதற்குள் பெற்றுவிட வேண்டுமென்று, உடம்பு பெருக்கும்வரை காத்திராமல் முட்டை சுமப்பார்கள்; பாறைக்காரிகள் அசையமாட்டார்கள். இது அவள் கணிப்பு. சோதித்துப் பார்க்கச் சில ஜாடிகளில் மீன் வாடைத் தண்ணீரும் மற்றவற்றில் சுத்தத் தண்ணீரும் ஊற்றச் சொல்லியிருந்தாள்.

அன்று காலை நுண்ணோக்கியில் கண் வைத்தாள். சுத்தத் தண்ணீர் ஜாடியிலும் குளத்துக்காரிகளின் முதுகில் முட்டைகள்!

"போச்சு! மொத்தமும் போச்சு! தண்ணி ஊத்தினது யாரு?"

ஜாடிகளைக் கவனிக்கும் நெட்டை கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

"நான்தான்க்கா. சுத்தமான தண்ணிதான். மீனு மட்டும்தான் இருந்துச்சு."

"என்னது?"

"பொண்ணு ஆசைப்பட்டான்னு வாங்கினேன். வீட்ல பூனை நாக்கைச் சப்புக்கொட்டிட்டுச் சுத்துது. அதான் கொஞ்ச நாளைக்கு நம்ம தண்ணித் தொட்டில..."

திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அதே தண்ணீர்தானே பாறைக்காரிகளுக்கும் போனது? பாய்ந்துபோய் அந்த ஜாடியைப் பார்த்தாள். பெயருக்குக்கூட ஒரு முட்டை இல்லை. கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டே இருந்தார்கள்.

"டேய் நெட்டை! அவ்ளோ பெரிய தொட்டில ஒத்த மீனு! அந்த வாடையே குளத்துக்காரிங்களுக்குப் போதும்டா! இவளுங்க கண்டுக்கவே இல்ல. பொறப்புலயே இருக்குடா!"

அவன் கையைப் பிடித்துச் சுற்றினாள். மேசை விளிம்பில் இடித்துக்கொண்ட அவனும் சிரித்தான்.

ஆனால் சந்தோஷத்தை மட்டும் வைத்துக் கட்டுரை எழுத முடியாதே. மீன் வீடு திரும்பியது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். இந்த முறை சுத்தத் தண்ணீரில் குளத்துக்காரிகள் ஆற அமர வளர்ந்தார்கள். வாடை பட்டவர்களுக்கு மட்டும்தான் அவசரம். பாறைக்காரிகள் எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா! பொண்ணுங்க நான் சொன்ன மாதிரியே முழுகாம இருக்காங்கம்மா! ... புருஷனா? ஒருத்திக்கும் கிடையாது! ... ஐயோ, பத்திரமா ஜாடிலதான் வச்சிருக்கேன்!"

பக்கத்து இருக்கை அம்மாள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, உனக்கு மொத்தம் எத்தனை பொண்ணு?" என்றார் நடத்துநர், மெதுவாக.

"எண்ணி மாளலண்ணே!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே செல்பேசியில் தண்ணீர்த்தெள்ளின் படத்தைக் காட்டினாள். பக்கத்து அம்மாள் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"அட, உள்ள குழந்தையோட கண்ணுகூடத் தெரியுதே!"

"எங்க, இப்படிக் குடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது. செல்பேசி இன்னும் கடைசி இருக்கையில்தான் இருந்தது.