முளைப்பயறுக்கு மூடாத இழுப்பறை

“மூடாதுன்னா மூடாதுங்க, இடிக்கிறத நிறுத்துங்க—”

“நான் அளந்தது தப்புன்னு சொல்லிடேன், அத்த வுட்டுட்டு ஊர்க்கதையெல்லாம்—”

“அளவு சரிதான். உள்ள உசிரு இருக்குது—”

“பச்சப்பயறுல என்னா உசிரு?”

“முளை வுட்டுக்கினு நிக்குதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

சாந்திநாதன் இடுப்பால் இன்னொரு முட்டு முட்டினார். இழுப்பறை நான்கு விரல் வெளியே நின்றது நின்றபடி நின்றது. மதனவதி கையை விட்டுப் பயறுக் கிண்ணத்தை எடுத்தாள். உடனே அது யாரும் தொடாமல் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டது. கம்பளம் ஒட்டிய நாளிலிருந்து வேனின் மூன்று இழுப்பறைகளும் இப்படித்தான். உயிருள்ளது எது உள்ளே இருந்தாலும் மூடுவதில்லை.

வேன் ஐயம்பேட்டை மெக்கானிக் அந்தோணியிடம் வாங்கியது. அதற்கு முந்திய கதை முப்பத்தெட்டு வருஷம் நீளம், ஆனால் சொல்ல அதிகமில்லை. கல்யாணமான புதிதில் மதனவதி புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்று, மேற்குக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு வாயில் பருக்கை வைக்காத சமணக் குடும்பம் அவர்களுடையது. அஸ்தமனம் எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்று அவளுக்குத் தினமும் தெரியும், அதற்குள் அடுப்பை அணைத்துப் பாத்திரம் கழுவிவிடுவாள். ஆனால் அந்தச் சூரியனை அவள் பார்த்ததெல்லாம் காஞ்சிபுரத்தில் பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான். கிழக்கே இருக்கும் கடலில் அது ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை. சாந்திநாதன் “அடுத்த வருஷம்” என்றார். பொய் சொல்லவில்லை, அவர் வைத்திருந்தது விதைக்கடை. ஆடியில் நெல்லுக்கு வருவார்கள், மார்கழியில் உளுந்துக்கு வருவார்கள், நடுவில் எள்ளுக்கும் வேர்க்கடலைக்கும் வருவார்கள். மகன் அபினவ் பிறந்தான், படித்தான், பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தான். அடுத்த வருஷம் மட்டும் வரவில்லை. கடைசியில் முழங்கால் வலி வந்து கடையை மூடினார், வேன் வந்தது.

ஓட்டலில் தங்கினால் சாப்பாடு ஒத்துவராது என்பதால் வேனுக்குள்ளேயே சமைத்துப் படுக்கும்படி எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பிளைவுட்டை அறுத்து மூன்று இழுப்பறைகள் செய்தார். ஒன்று பாத்திரத்துக்கு, ஒன்று மளிகைக்கு, ஒன்று துணிமணிக்கு. ஓட்டிப் பார்த்தபோது ஏனாத்தூர் வரைக்கும் டம்ளர்கள் கல்யாண மேளம்போல் அடித்துக்கொண்டன. உள்ளே கம்பளம் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று வீடியோக்காரன் சொன்னான். மதனவதி ஒரே பிடியாக மறுத்தாள். கம்பளத்து ரோமத்தில் பூச்சி குடி வைக்கும், இழுத்து மூடும்போதெல்லாம் நசுங்கும், அந்தப் பாவத்தை யார் தலையில் கட்டுவது என்று கேட்டாள். நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாம் நாள் ஜினாலயத்து மண்டபத்தில் புதுக் கம்பளம் விரித்து, பழைய பச்சைக் கம்பளத்தைச் சுருட்டி மூலையில் சாய்த்தார்கள். கோயில் பொருள் என்றதும் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் அதை வெட்டி, செருப்புத் தைப்பவர்களிடம் கிடைக்கும் மஞ்சள் பசையைத் தடவி, மூலை மடங்காமல் அழகாகவே ஒட்டினார்.

முதல் நாள் தயிர்ச்சட்டிக்கு மூடவில்லை. அரைத்த அன்று தோசைமாவுக்கு மூடிய இழுப்பறை மறுநாள் மாவு பொங்கியதும் திறந்துகொண்டது. கம்பளத்தின் கனத்துக்கு இடம் விடாமல் செய்துவிட்டோமோ என்று சாந்திநாதன் பக்கப் பலகையை மூன்று தரம் இழைத்தார். பிறகு ஒன்றிலிருந்து கம்பளத்தை உரித்துப் பார்த்தார். அது தயிருக்கு மூடியது, டம்ளர்கள் மறுபடி மேளம் அடித்தன. திரும்ப ஒட்டினார். ஊரில் யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. மழைக்கால நான்கு மாதமும் முனிவர்கள் தங்கிக் கொல்லாமை விரதத்தைப் பற்றிச் சொன்ன மண்டபம் அது. இருபத்துமூன்று மழைக்காலம் கேட்ட கம்பளம். அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தூங்கியிருக்கிறார்கள், கம்பளத்துக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

செய்தி பரவியதும் விவசாயிகள் விதைநெல்லை ஊறவைத்து முளைக்கட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு கைப்பிடியை வேனுக்குக் கொண்டுவந்தார்கள். இழுப்பறை மூடாவிட்டால் நல்ல விதை. மூடிவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாங்கிய இடத்துக்கே போனார்கள். அந்தோணி கோழிக்கு அவயம் வைக்கும் முட்டைகளைக் கூடையோடு கொண்டுவந்து, குஞ்சு பொரிக்காத கூமுட்டையைப் பிரித்துக்கொண்டு போனான். சாந்திநாதன் தன் கடையில் மிச்சமிருந்த கடைசி விதைப் பையை யாரும் பார்க்காத நேரத்தில் வைத்துப் பார்த்தார். இழுப்பறை வெண்ணெயில் வழுக்குவதுபோல் மூடியது. பையைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினார்.

மறுநாள் மதனவதியிடம் சொன்னார். “வண்டியை அந்தோணி கேக்கறான், ஆளு ரெடியா இருக்குதாம். இது சர்க்கஸ் வண்டி ஆயிடுச்சி. வியாழக்கிழமை காலையில கிளம்பறோம். அன்னிக்கும் ஏதாவது மூடலன்னு நின்னா வண்டி அவனுக்கு. அப்புறம் அடுத்த வருஷம் பாக்கலாம்.”

‘அடுத்த வருஷம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மதனவதி வேலையில் இறங்கினாள். தயிரை ஒதுக்கினாள். பயறைக் காயவைத்தாள். கறிவேப்பிலையை வறுத்துப் பொடியாக்கினாள். புதன்கிழமை காலை பாத்திர இழுப்பறை மூடியது, மளிகை இழுப்பறை மூடியது. துணி இழுப்பறை மூடவில்லை. எறும்பைத் தேடினாள், ராமபாணப் பூச்சியைத் தேடினாள். ஒவ்வொரு துணியாக உதறி எடுத்தாள். அடியிலிருந்த கூறைப்பட்டை எடுத்ததும் இழுப்பறை சாத்திக்கொண்டது. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. கல்யாணத்துக்குப் பிறகு நான்கு தரம் உடுத்தியது. அதைக் கட்டிக்கொண்டுதான் அந்தக் கடலுக்கு எதிரே நிற்பதென்று முப்பத்தெட்டு வருஷமாக எடுத்துவைத்திருந்தாள்.

சத்தம் கேட்டு ரேணுகாம்பாள் தறியை விட்டு எழுந்து வந்தாள்.

“எங்க மாமனார் நெய்ஞ்ச பொடவையில பூச்சி இருக்குதுன்னு யாருக்கா சொன்னது?”

“பூச்சி இல்லடி. பொடவைதான். இதுக்குள்ள உசிரு இருக்குதாம்.”

“பட்டுல எங்கிருந்துக்கா உசிரு வரும்? கூட்டை உசிரோட வெந்நீர்ல போட்டுத்தானே நூலே எடுக்—”

பாதிச் சொல்லில் நிறுத்திக்கொண்டு அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாந்திநாதன் தொண்டையைச் செருமினார். “சரி. பீரோவுல வெச்சிப் பூட்டிட்டுக் கிளம்பு. அதான் மூடுதில்ல?”

“உள்ள ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சப்புறம் வெளிய பூட்டு போடச் சொல்றீங்களா?”

மதனவதி புடவையை மாடிக்கு எடுத்துப்போய்க் கொடியில் முழு நீளத்துக்கும் விரித்தாள். மடிப்பு விழுந்த இடங்களை உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள், நான்கு தரம் உடுத்தியபோது நீவியதுபோலவே. பிறகு தள்ளி நின்றாள்.

பதினொரு மணிக்கு முந்தானையில் முதல் பூச்சி வெளியே வந்தது. அதன்பின் இரண்டு, அதன்பின் எண்ண முடியவில்லை. உடலிலிருந்து வந்தவை அரக்கு நிறம், கரையிலிருந்து வந்தவை மாம்பழ மஞ்சள். பட்டுப்பூச்சி பறக்காது, இறக்கையை அடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே சுற்றும் என்று ரேணுகாம்பாளுக்குத் தெரியும். ஆனால் இவை முப்பத்தெட்டு வருஷம் மடிப்புக்குள் சும்மா இருந்தவை. பறந்தன. கீழே தெருவில் ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி அவற்றுக்கு வழி விட்டார்கள், ஒரு பள்ளிக்கூட வேன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மெதுவாகப் போனது. மூன்று மணிக்குக் கொடியில் மிஞ்சியது ஜரிகை மட்டும். அதிலும் நடுவே ஓடிய பட்டு நூல் போய்விட்டதால், மேலே சுற்றியிருந்த வெள்ளிக் கம்பி சுருள்சுருளாகத் தொங்கியது. ரேணுகாம்பாள் அதை எட்டிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“ஒரு எடத்துல அறுந்திருக்குதா பாருக்கா. எங்க மாமனார் கை.”

மதனவதி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மூக்கையும் துடைத்துக்கொண்டாள். கம்பிச் சுருளை ஒரு துண்டில் சுற்றித் துணி இழுப்பறையில் வைத்தாள், அது மூடியது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வேன் கிளம்பியது. ஓசூர் தாண்டும்வரை சாந்திநாதன் ஏதாவது மூடாமல் போகுமென்று கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். பெங்களூரில் அபினவ் கொடுத்த மிளகாய்ச் செடியை மதனவதி மடியிலேயே வைத்துக்கொண்டாள். சிரவணபெளகொளாவில் படியேறிக் கோமடேசுவரரைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். மலைப்பாதையில் ஒரு வெட்டுக்கிளி இழுப்பறைக்குள் ஏறிக்கொண்டதால் இருபது நிமிஷம் நின்றார்கள், அது போன பிறகு கிளம்பினார்கள். ஐந்தாம் நாள் மாலை ஒரு மீனவர் ஊரின் மணலோரம் வேன் நின்றது. ஐந்து மணிக்கே சாப்பிட்டு முடித்தார்கள். வெளிறிய நூல்சேலையில்தான் மதனவதி நின்றாள். சூரியன் முதலில் தட்டுப்போல் தட்டையானது, பிறகு தண்ணீருக்குள் போயிற்று, கடைசிப் பொட்டு வரைக்கும் போயிற்று. ஒரு தண்ணீர்த் தொட்டியும் நடுவில் இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை.

ரேணுகாம்பாளுக்கென்று ஒரு சிறிய சங்கை மணலிலிருந்து எடுத்துத் துடைத்துத் துணி இழுப்பறையில் வைத்தாள். சாந்திநாதன் வண்டியை ஸ்டார்ட் செய்தார். இழுப்பறை நான்கு விரல் வெளியே நின்றது. அவர் இறங்கி வந்து பார்த்தார். இடிக்கவில்லை, முட்டவில்லை, அளவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். மதனவதி சங்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அதன் வாயிலிருந்து அரிசி அளவுக்கு ஒரு நண்டுக்கால் வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு மிளகுபோல் இரண்டு கண். அவள் கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

“இங்கியே எறங்கிக்கிறியாப்பா, இல்ல காஞ்சிபுரம் வரியா?”