எட்டாம் எண் சீரம்

கண்ணாடித் துண்டில் கிருமி ஒரு சொட்டு, கிருமியின் வகையைக் காட்டிக்கொடுக்கும் எட்டாம் எண் சீரம் ஒரு சொட்டு. ஆய்வகக்காரி ஆட்டினாள், திரிந்த பால்போலத் திரண்டது. கிருமியின் மேல்தோலில் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. வகைக்கு ஒரு சீருடை. அதற்குரிய சீரம் பொருந்தினால்தான் திரளும். ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்கோடு கிடந்த நாற்பது குழந்தைகளின் கிருமிக்கும் எட்டாம் எண் சீருடைதான். அதில் ஒன்று அவளுடைய சொந்த மகள்.

சோதனைக்கு அவள் அண்ணன் கொண்டுவந்த இரண்டு தண்ணீர்க் குப்பிகளில், லாரியில் தண்ணீர் விற்பவனுடையதும் எட்டு. அண்ணன் மேற்பார்க்கும் ஊர்த் தொட்டியுடையது பரம சுத்தம்.

ஆய்வக இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பத்து வருடமாகச் சோதனை மேசைப் பக்கமே எட்டிப் பார்க்காத மேதை, நிருபர்களுக்காகப் புது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டார். கழுத்தில் விலைச்சீட்டு ஆடியது.

"லாரிக்காரனைப் பிடிச்சு உள்ள வச்சாச்சு. நீ அறிக்கையில கையெழுத்தைப் போடும்மா, மத்ததை நான் பேசிக்கறேன்."

கையெழுத்துக்கு முன் தொட்டிக் குப்பியில் ஒரு சொட்டைக் காயவைத்துப் பார்த்தாள். கறையே இல்லை. ஊர்த் தண்ணீரோ வாளிக்கே வெள்ளையடிக்கும் உப்புத் தண்ணீர். தானே தொட்டியில் ஏறித் தண்ணீர் பிடித்து வந்தாள். மறுநாள் வளர்ந்த கிருமியும் எட்டு.

பம்ப் அறையில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"தொட்டிக் குப்பியில கேன் தண்ணியா ஊத்துன, அண்ணே?"

"கத்தாத. சாக்கடைக் குழாய் உடைஞ்சு உள்ள கசியுது. தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"அப்ப லாரிக்காரன் குப்பி?"

"அதுதான் தொட்டித் தண்ணி. நீ கையெழுத்துப் போட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

"எத்தனை நாளா தெரியும்?"

"மூணு வாரம்."

மூன்று வாரமாகத்தான் அண்ணி கேன் தண்ணீர் வாங்குகிறாள். "திடீர்னு பெரிய மனுஷங்க ஆயிட்டீங்களே அண்ணி" என்று இவளே கேலி செய்திருந்தாள். அண்ணி சிரித்து மழுப்பினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. என் மக உன் மடியில வளர்ந்த பொண்ணு."

"சொன்னா நீ ஊருக்கே சொல்லிடுவியே."

தங்கையை நன்றாகத்தான் புரிந்து வைத்திருந்தான். அவள் பையிலிருந்து, தன் புது அறிக்கையின் பேரில் வாங்கிவந்த, தொட்டியை மூடும் உத்தரவை எடுத்தாள். அதைத் தொட்டி மேற்பார்வையாளரிடம் நேரில் கொடுத்து ஒப்பம் வாங்க வேண்டும் என்பது விதி. பேப்பரின் மேல் வைத்து, பேனாவையும் நீட்டினாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, சார்."