தையல் யாருக்கு

எங்கள் ஊரில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் தையலை நோயாளியின் வாய்க்குள் போடமாட்டார்கள். கூட வந்த நெருங்கிய உறவின் உதட்டில் போடுவார்கள். புண் ஆற நிம்மதி வேண்டும், நிம்மதி எங்கே கெடுகிறதோ அங்கேதான் தைக்க வேண்டும் என்பது பல் டாக்டர்களின் கணக்கு.

பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இந்துமதியோடு வந்திருந்தவர் அவள் கணவர் கோதண்டபாணி. கல்யாணமான நாளிலிருந்து, யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் சிரமத்தை மனைவிக்கு வைக்காத உத்தமர். காப்பியா டீயா என்று கேட்டால்கூட அவர்தான் சொல்வார். அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை முதலாளி, புதுக் கிளையைப் பார்த்துக்கொள்கிறாயா என்று ஏற்கெனவே கேட்டிருந்தார். "அவளுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க" என்று பதில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி கடைசியாகக் கேட்க வீட்டுக்கே வருவதாக இருந்தார். இந்துமதிக்கு அந்தக் கிளை வேண்டும். கனவில்கூட அதன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

பல் வெளியே வந்துவிட்டது. டாக்டர் செல்வநாயகி கையுறையை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"தானாக் கரையிற நூல் இருக்கு, பட்டு நூல் இருக்கு, பசையும் இருக்கு. எது போடட்டும்?"

"பசையே போதும் டாக்டர். அவளுக்கு அதுதான் ஒத்துக்கும்" என்றார் கோதண்டபாணி. சூடான டீயை உதட்டருகே பிடித்தால் ஆவியிலேயே பசை இளகிவிடும் என்பது ஊரறிந்த விஷயம்.

இந்துமதி வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள். "பட்டு நூல். நெருக்கமாப் போடுங்க டாக்டர்."

அவர் உதட்டைக் கொடுத்தார். மனைவியின் உடம்பு விஷயமாயிற்றே. அவர் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் அவளுக்குப் புண் பிளந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், தைக்காமல் விட்ட ஓரத்தில் கரண்டியால் கஞ்சி ஊற்றிக்கொண்டார். நலம் விசாரிக்க வந்தவர்கள் அவருக்கென்று வாங்கிவந்த ஐஸ்கிரீமைத் தாங்களே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்துமதி வலியில்லாமல் முறுக்குக் கடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். "என்னம்மா, கிளையப் பாத்துக்கிறியா?"

பழக்கதோஷத்தில் அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணை உருட்டினார், கூடாதென்று தலையைப் பலமாக ஆட்டினார். "வீட்டுக்காரருக்கு ரொம்ப வலி போல" என்று முதலாளி பரிதாபப்பட்டார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"பாத்துக்கிறேன் சார்" என்றாள். முதலாளி வாசலைத் தாண்டுவதற்குள் கிளையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

தையல் பிரிக்கும் நாளில் டாக்டர் நூலை உருவினார். கோதண்டபாணியின் வாய் திறக்கவில்லை. மேலுதடும் கீழுதடும் கஞ்சி ஊற்றிய ஓரம்வரை ஒன்றாகச் சேர்ந்து, தழும்புகூட இல்லாமல் வழவழவென்று இருந்தன.

"அருமையா ஆறியிருக்கு" என்றார் டாக்டர். "இவ்வளவு சுத்தமா ஆறி நான் பாத்ததில்ல."

கோதண்டபாணிக்குக் கண் கலங்கியது. இந்துமதிக்குப் பாவமாக இருந்தது. "சாப்பாட்டுக்கு என்ன பண்றது டாக்டர்?"

"அவருக்கும் சேத்து நீங்களே சாப்பிட்டுடுங்க."

எதிரே இருந்த ஹோட்டலில் போய் உட்கார்ந்தார்கள். என்ன வேண்டும் என்று சர்வர் கோதண்டபாணியைக் கேட்டார். அவர் பக்கத்து மேசைப் பூரியைக் கைகாட்டினார்.

"அவருக்கு எண்ணெய் ஒத்துக்காதுங்க. ரெண்டு இட்லி போதும்" என்றாள் இந்துமதி.

இட்லி வந்தது. சட்னி தொட்டு நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டாவது இட்லி முடிகிற நேரத்தில் கோதண்டபாணி பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டார்.