ரிப்பன் கட்டிய வாசல்

மேட்டில் புது வீடுகள் வெள்ளையடித்து, பூட்டுப் போட்டு நிற்கின்றன. மண்சரிவில் லயத்து வீடுகளை இழந்த தோட்டக் குடும்பங்களுக்கென்று அரசாங்கம் கட்டியவை. அந்தக் குடும்பங்களோ கீழே, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், குறுக்கே சேலையைக் கட்டிக் குடித்தனம் நடத்துகின்றன. ஏன் என்று கேட்டால், திறந்து வைக்கப் பெரியவர் ஒருவர் கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். அவரும் வருகிறேன் வருகிறேன் என்கிறார், வந்தபாடில்லை.

அவர்களில் ஒருத்தியான ஜீவராணிக்கு வயிறு எரிந்தது. மகள் தர்மிளா நிறைமாதம். பிறக்கப்போகும் பிள்ளையை ஒருவர் இருமினால் எல்லோரும் விழித்துக்கொள்கிற அந்த இடத்திலா போடுவது? சொந்த வீடு கண்ணெதிரே நிற்க, வீடில்லாமல் கிடக்கிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

போதாக்குறைக்கு ஆடி நெருங்கியது. ஆடியில் புது வீடு புக முடியாது. வீடுகளைப் பார்க்க வந்த அதிகாரியை மறித்து, ஆடிக்கு முன்னால் பாலையாவது காய்ச்சிக்கொள்கிறோம் என்று சிங்களத்தில் கேட்டாள். பால் பொங்க வைப்பது அவர் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். "ஹரி, ஹரி" என்று சிங்களத்திலேயே சரி சொல்லித் தலையாட்டினார். காய்ச்சி முடித்ததும் பூட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை காவல்கார முத்துவீரன் ஜீவராணிக்கு ஒதுக்கிய முதல் வீட்டைத் திறந்துவிட்டான். பால் நன்றாகவே பொங்கியது. மாலையில் பூட்ட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே தர்மிளா பாயில் படுத்திருந்தாள்.

"என்னக்கா இது?"

"பால் காய்ச்சின வீட்ட அன்னைக்கே பூட்டிப் போடுவாங்களா? ராத்திரிக்கு ஆள் படுக்கணும்ல."

"அது சரிதான். ஐயாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"அவரு இதக் கேக்கல. நானும் சொல்லல."

அதிகாரி வந்து சேர்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. கீழே இறங்கச் சொன்னார். ஆடியில் குடி மாறினால் ஆகாது, ஆவணி வரட்டும் என்றாள் ஜீவராணி. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பேரன் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தான்.

ஆவணி முதல் வாரத்தில் பெரியவர் நிச்சயம் வருகிறார் என்றார்கள். முதல் வீடு என்பதால் ஜீவராணியின் வாசலில்தான் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். அவர் வெட்டும்வரை யாரும் தாண்டக் கூடாதாம். தன் வீட்டுக்குள்ளேயே பகல் முழுக்க அடைந்து கிடந்தாள். மதியம் தாண்டியது. மழை பெய்து ஓய்ந்தது. பெரியவர் வரவில்லை. விருந்தாளிகள் உட்காரப் போட்ட கதிரைகளை லொறியில் ஏற்றினார்கள். அடுத்த தேதிக்கு வேண்டும், ரிப்பன் அப்படியே இருக்கட்டும் என்றார் அதிகாரி.

ஜீவராணி உள்ளே போய், துவைத்து வைத்திருந்த பேரனின் துணிகளை வாளியோடு தூக்கிவந்து, ஒவ்வொன்றாகப் பிழிந்து ரிப்பன்மேல் போட்டாள்.

"இருக்கட்டும் ஐயா. இது காயட்டும்."

கீழேயிருந்து மற்றப் பெண்கள் பால் சட்டிகளோடு மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். முத்துவீரன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எதிரே போனான்.