அண்ணனுக்குக் கிடைக்காத ஊசி

அண்ணன் லாரி மெக்கானிக். ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனாலும் கல்லீரலில் புற்றுநோய் வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கல்யாண வயதிலேயே போய்ச் சேர்ந்தபோது, தெரு வாய் கூசாமல் பேசியது, "குடிச்சே கெட்டான்" என்று. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? திரைச்சீலை தைக்கும் அவன் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் முழுகாமல் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது. அவளுக்கும் ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமி இருந்தது.

"அநேகமா உங்க அம்மாகிட்டேருந்து ரெண்டு பேருக்கும் பிறக்கும்போதே வந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. "சத்தமில்லாம வருஷக்கணக்கா கல்லீரல்ல உட்கார்ந்து அரிக்கும். சிலருக்குப் புற்றுல கொண்டுபோய் விடும். நீங்க ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்து பார்த்துக்கணும். குழந்தைக்கு வராம தடுக்க ஊசி இருக்கு. பிறந்த கையோட போடணும்."

பெண் பிறந்தது. இரண்டு தொடையிலும் ஊசி ஏறியது. ஒன்று தடுப்பூசி, மற்றது கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து. வீறிட்ட குழந்தையை நர்ஸ் நீட்டியதும் அவள் கையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்றாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாய்க் கனத்தது. பிள்ளை அழும்போதெல்லாம் சட்டை நனைந்தது. அள்ளி அணைக்க உடம்பெல்லாம் தவித்தது.

"கரண்ட்டைத் தொடற நானே பயப்படல, நீ பிள்ளையைத் தொடப் பயப்படறியே" என்றான் எலக்ட்ரீஷியன் கணவன்.

"எங்கம்மாவும் அண்ணனை இப்படி ஆசையாத்தானே தூக்கியிருப்பா?"

குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "தூக்கினதால வரலம்மா, பால் கொடுத்தும் வரல. பிரசவத்துல ரத்தம் பட்டு வர்றது. உங்கம்மா காலத்துல இந்த ஊசி கிடைக்கல. உங்க பொண்ணுக்குத்தான் போட்டாச்சே! காம்புல வெடிப்போ ரத்தமோ இல்லேன்னா தாராளமா கொடுங்க."

வாங்கிக்கொண்டாள். குழந்தை வெடுக்கென்று கவ்வியதும் அவள் வாய்விட்டு அழுதாள்.

மிச்ச ஊசிகளை ஒன்றுகூடத் தவறவிடவில்லை. ஒரு வயதில் ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தது. கணவனுக்குத் தலைகால் புரியவில்லை, வழியில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

அவள் மட்டும் பரிசோதனைக்கூட பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். "உங்க மாமா இருந்திருந்தா உன்னைத் தரையிலயே விட்டிருக்க மாட்டார்டி" என்றாள் மகளிடம்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றான் கணவன்.

"கொஞ்ச நேரம் இருக்கேனே."

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.