நீலம் போட்ட வேட்டி

வினோத்குமார்,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போனில் பேசினால் திட்டுவதிலேயே பாதி விட்டுப்போகும்.

ஏலக்காய் வியாபாரி லிங்கேஸ்வரனுக்கு நாம் செய்த செயலியில், விவசாயி காயைப் படமெடுத்து அனுப்பினால் நிறம் பார்த்து அவர் தரம் சொல்லுவார். விவசாயிகளின் மலிவான ஆண்ட்ராய்டுகளுக்கு நான் எழுதினேன். அவருடைய ஐபோனுக்கு நீ எழுதினாய். இரண்டிலும் ஒரே பச்சை தெரிய மூன்று மாதம் மாரடித்தோம். காய்க்கு அடியில் வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னோம். அந்த வெள்ளையை வைத்து உன் பக்கம் நிறத்தைச் சரிசெய்தாய். அதையே என் பக்கம் செய்தால் பழைய போன்கள் உறைந்து நின்றன. அதனால் படத்தை அப்படியே காட்டினேன்.

திங்கட்கிழமை சிலமலை ஊர் விவசாயி மொக்கையன் அண்ணன் மூட்டையோடு லிங்கேஸ்வரன் கடைக்கு ஜீப்பில் வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் போனில் காய் கிளிப்பச்சை. லிங்கேஸ்வரன் போனில் மஞ்சள். தரம் இரண்டு படி கீழே.

"ஞானசெல்வி, போடிமெட்டு மலையில இருந்து எறங்குறப்ப காய் நல்லாத்தான இருந்துச்சு? இவரு போனுக்குள்ள போனதும் மஞ்சக்காமாலை வந்துருச்சா?"

"எந்தத் துணியில வச்சீக?"

"கல்யாண வேட்டி ஆத்தா. வெள்ளையா இருக்கணும்னியே, ரெண்டு தரம் நீலத்துல முக்கி அலசுனேன்."

புரிந்துவிட்டது. நீல வேட்டியை வெள்ளையாக்கப் போய், உன் செயலி காயை மஞ்சளாக்கியிருக்கிறது. சிலமலையில் நீலம் போடாத வேட்டி ஏது? லிங்கேஸ்வரனிடம் சொன்னேன். அவர் மென்ற ஏலக்காய்த் தோலை என் காலடியில் துப்பினார்.

"ரெண்டு போனும் ஒண்ணாக் காட்டணும்னு இப்ப எவன் கேட்டான்? என் போனுக்கு எழுதுன அந்தக் கோயமுத்தூர்த் தம்பி போன மாசமே இதச் சொல்லுச்சு. தரம் கொறஞ்சா எனக்கு லாபந்தான, இருக்கட்டும்னுட்டேன். நீ போயி வேற சோலியப் பாரு."

போன மாதமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. ஒரு மாதமாக எத்தனை பேருடைய நல்ல காய் மட்டமாகப் போனதோ!

மொக்கையன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூட்டைய எறக்காதப்பா, வண்டியத் திருப்பு" என்றார் டிரைவரிடம். மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

இன்று காலை என் பக்கத்தை நிறுத்தினேன். இனி எந்த ஆண்ட்ராய்டிலிருந்தும் படம் போகாது. ஐபோனில் உன் செயலி நன்றாகவே ஓடும். தரம் போடத்தான் காய் இருக்காது.

ஞானசெல்வி
போடி